சத்தம் வராத சூடு

இரண்டாம் மாடி சாரை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என் மேல் நல்ல எண்ணம் வரும். இந்த வயதில் உட்கார்ந்து பொய் எழுதுவானேன்? அவருக்கு நான் செய்ததை வேண்டுமென்றேதான் செய்தேன். செய்தேன் என்று சொல்லக்கூடப் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று வார்த்தை சொன்னேன். மூன்றும் உண்மை.

அறுபதுகளின் நடுவில் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே என் இஸ்திரி மேசை இருந்தது. வீடு தாராவியில். என் கணவர் வடாலாவில் ஒரு கோடவுனில் மூட்டை இறக்கும் வேலை பார்த்தார். அந்த மேசை முதலில் அவருடைய அண்ணனுடையது. அவர் ஊருக்குத் திரும்பியபோது மேசையையும் பித்தளைப் பெட்டியையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். தேய்ப்பு வேலை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அதில் பேச வேண்டியதில்லை என்பதுதான். துணி வரும், தேய்ப்பேன், மடித்து அடுக்குவேன். யாராவது ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவேன். எட்டாவது வரை படித்தவள்தான், ஆனால் நாலு பேர் எதிரில் வாயைத் திறந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். கட்டடத்தில் பாதிப் பேர் என்னை ஊமை என்று நினைத்திருந்தார்கள். நானும் திருத்தவில்லை.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதை புரியாது. நல்ல கனமான பெட்டி. மூடியைப் பூட்ட முன்பக்கம் ஒரு சின்னப் பித்தளைச் சேவல் நிற்கும். உள்ளே கரியைப் போட்டுப் பற்றவைத்து விசிறினால் பெட்டி மெதுவாகத்தான் சூடாகும். சூடானால் லேசில் ஆறாது. கரி நீர்த்துச் சாம்பலான பிறகும் நாலு வேட்டி தேய்க்கலாம். சாயங்காலம் கரியைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் புறப்படும்போதும் பெட்டியின் அடிப்பாகம் வெதுவெதுப்பாக இருக்கும். மழை நாளில் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன்.

எத்தனை சூடு என்று பார்க்க எங்களுக்கு ஒரே வழி தண்ணீர். சொம்பில் விரலை நனைத்து, பெட்டியைச் சாய்த்து அடித்தகட்டில் தெளிக்க வேண்டும். தண்ணீர் சத்தமில்லாமல் அப்படியே ஒட்டிக்கொண்டு வழிந்தால் பெட்டி ஆறிக்கிடக்கிறது. சொய் என்று சத்தம் வந்து உடனே காய்ந்தால் சரியான பதம். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் ஆளைக் கவிழ்ப்பது. அளவுக்கு மேல் விசிறிவிட்டால் தண்ணீர் தகட்டில் ஒட்டவே ஒட்டாது. குட்டிக் குட்டி முத்தாகச் சுருண்டு உருண்டு கீழே விழும். சத்தமே வராது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சத்தம் வரவில்லையே, பெட்டி சூடாகவில்லை போல என்று நினைத்துத் துணியில் வைப்பார்கள். துணி போய்விடும். முத்து ஓடினால் பெட்டியை ஈரக் கோணியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துவிட்டுத்தான் துணியைத் தொட வேண்டும். கணவரின் அண்ணன் போகும்போது எனக்கு இதை மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

இனி அந்த ஆளைப் பற்றி. இரண்டாம் மாடி சாருக்கு ஏதோ ஒரு ஆபீஸில் பெரிய வேலை. காலேஜில் சயின்ஸ் படித்தவர் என்பது கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அவரே எல்லாரிடமும் சொல்லியிருந்தார். கட்டடத்துக் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டுக்கொள்ள அந்தக் கமிட்டிதான் எனக்கு இடம் கொடுத்திருந்தது.

அவருடைய மைத்துனர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது இரண்டு டெரிலின் சட்டை கொண்டுவந்தார். ஒன்று வெள்ளை, ஒன்று இளநீலம். கூடவே ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டியும். அப்போது டெரிலின் சட்டை போட்டவரை மாட்டுங்கா ஸ்டேஷனில் திரும்பிப் பார்ப்பார்கள். வெள்ளைச் சட்டை ஒரு சனிக்கிழமை என்னிடம் தேய்க்க வந்தது. சூடு கூடினால் உருகிவிடுகிற அந்தத் துணிக்கு நான் பயந்துதான் தேய்த்தேன். பெட்டியை நன்றாக ஆறவிட்டு, மேலே ஒரு ஈர மல் துணியை விரித்து, அதன் மேல் மெதுவாக ஓட்டி, மடித்து, அன்று சாயங்காலமே மாடியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை, எல்லாரும் ஆபீசுக்கு இறங்குகிற நேரத்தில், அவர் அந்தச் சட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி வந்தார். பாக்கெட்டுக்குக் கீழே ஒரு ஓட்டை. ஓரமெல்லாம் உருகிக் கெட்டியாகப் பழுப்பேறியிருந்தது.

"ஏம்மா, இது என்ன? கண்ணு தெரியறதோ இல்லையோ?"

பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. என் பெட்டியின் மூக்கு நாலு விரல் அகலம். அந்த ஓட்டை ஒரு விரல் அகலத்தில் கூர்மையாகத் தொடங்கியது. அதுவும் நேராக இல்லை. நுனி ஒரு பக்கம் மழுங்கிக் கோணலாக இருந்தது. என் பெட்டி போட்ட ஓட்டை இல்லை அது. சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

"கேக்கறேன், பதில் சொல்லத் தெரியாதோ? நெருப்பை வச்சுண்டு பொழைக்கறே. உனக்குச் சூடு சொரணை வேண்டாமா?"

படியில் நின்றிருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நல்ல வேடிக்கையாகப் பேசிவிட்டோம் என்று அவருக்கும் தெரிந்தது. அதனால் இன்னொரு தடவை சொன்னார்.

"கையில சூடு, மனசுல சூடு சொரணை கிடையாது."

மறுபடி சிரித்தார்கள். சட்டையைச் சுருட்டி என் மேசையில் எறிந்தார்.

"நீயே வச்சுக்கோ. கரி தொடைக்க ஆகும். இந்த மாசத்தோட இடத்தைக் காலி பண்ணிடு. கமிட்டியில நான் சொல்லிக்கறேன்."

அப்போது நான் மேலே பார்த்தேன். முதல் மாடித் திருப்பத்தில் அவர் மனைவி, மாமி, கைப்பிடிச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு படியைப் பார்த்தார்.

அன்று மத்தியானம் சார் ஆபீஸில் இருக்கும்போது மாமி ஒரு டம்ளரில் காபி கொண்டுவந்து என் மேசை ஓரத்தில் வைத்தார்.

"காலர்ல ஒரு சுருக்கம் இருக்குன்னு நேத்து அவரே அந்தப் புதுப் பெட்டியால போட்டார்ம்மா. அதுக்கு முந்தின நாள்தான் அதைக் கீழ போட்டு மூக்கை வேற வளைச்சுண்டார். நான் சொன்னேன்னு சொல்லிடாதே. என்னால அவர்கிட்ட பேச முடியாது."

கொண்டுவருவதற்குள் காபி ஆறிப்போயிருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். குடித்தேன். அதற்காக என்னையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு முழுவதும் கேட்டார்.

"நீ ஏன் ஒண்ணுஞ் சொல்லாம வந்த? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"வரல."

"என்ன வரல?"

"வார்த்த வரல."

"எங்கிட்ட மட்டும் நல்லா வருதுல்லா. நாளைக்கு நா வந்து கேக்கட்டுமா?"

"வேண்டாம். நீங்க போயி சத்தம் போட்டா இந்த மாசம் போற எடம் நாளைக்கே போயிரும்."

மேசை போனால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மாட்டுங்காவில் வேறு எந்தப் படிக்குக் கீழும் இடம் காலியாக இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு தோபி இருந்தான். கோவண்டிப் பக்கம் போனால் மேசை போட இடம் கிடைக்கும், தேய்த்துப் போடுகிறவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

அந்தச் சட்டையில் நான் கரி துடைக்கவில்லை. ஓட்டை மேலே தெரியும்படி அழகாக மடித்து, மேசை மேல் விரித்திருக்கும் கம்பளிக்கு அடியில் வைத்தேன். கம்பளி நாலு மடிப்பு. மேலே எவ்வளவு சூடாகத் தேய்த்தாலும் அடியில் இருக்கிற துணிக்கு லேசான வெதுவெதுப்புதான் போய்ச் சேரும். தினமும் அதன் மேல்தான் அந்தக் கட்டடத்துத் துணியெல்லாம் தேய்த்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அது அங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். சார் படியில் இறங்கும்போதெல்லாம் அந்த இடத்தில் பெட்டியை ஒரு தடவை கூடுதலாக அழுத்துவேன்.

மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. கூடியது என்றால், காலைப் பலகாரம் முடித்துவிட்டுப் பத்துப் பதினைந்து ஆண்கள் கீழ்நடையில் வந்து நின்றார்கள். தண்ணீர் பம்பு, பெயின்ட் என்று பேசிவிட்டுக் கடைசியில் என் விஷயத்துக்கு வந்தார்கள். கீழ்வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார், எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவர். அவர்தான் ஆரம்பித்தார்.

"இந்தம்மா போயிட்டா எங்க வேட்டியை எல்லாம் யார் சார் தேய்ப்பா? நீங்களா?"

"நானேதான்," என்றார் சார். "நான் மட்டும் இல்லை. அவா அவா ஆத்துல அவா அவாளே தேய்ச்சுக்கலாம். இருங்கோ, காட்டறேன்."

முன்பே ஏற்பாடு செய்திருந்தார் போல; வெள்ளைச் சட்டை போனது தம் கைத்தவறு, பெட்டியின் தவறில்லை என்று நினைத்திருப்பார். மாடிக்குப் போய் அந்த மின்சாரப் பெட்டியையும் இளநீலச் சட்டையையும் கொண்டுவந்தார். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ப்ளக் இருந்தது, என் மேசைக்கு ஒரு கை தூரத்தில். என்னைக் கேட்காமல் என் மேசையில் சட்டையை விரித்தார். ப்ளக்கைச் செருகினார். பெட்டியைக் குதிகாலில் நிறுத்தினார். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற சக்கரம் எதுவும் அதில் இல்லை. நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். கையில் என் தண்ணீர்ச் சொம்பு.

பெட்டி சூடாகட்டும் என்று விட்டுவிட்டு அவர் பேச ஆரம்பித்தார்.

"ஒரு தீக்குச்சி. ஒரு பக்கெட் வெந்நீர். ரெண்டுல எதுல சூடு ஜாஸ்தி?"

"தீக்குச்சி," என்றார் கீழ்வீட்டுக்காரர்.

"அதுதான் தப்பு. எல்லாரும் பண்ற தப்பு. தீக்குச்சியோட டெம்பரேச்சர் ஜாஸ்தி. பக்கெட்ல இருக்கற ஹீட் ஜாஸ்தி. ஹீட் வேற, டெம்பரேச்சர் வேற."

"அதாவது குளிக்கணும்னா பக்கெட், பீடி பத்தவைக்கணும்னா தீக்குச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, வேறு காரணத்துக்காக. மாட்டுங்கா வீடுகளில் டெம்பரேச்சர் என்றால் காய்ச்சல். குழந்தைக்கு டெம்பரேச்சர், இன்றைக்குத் துணி இல்லை என்பார்கள். அதனால் தீக்குச்சிக்கு டெம்பரேச்சர் என்று அவர் சொன்னபோது, அதன் நெற்றியில் யாரோ ஈரத்துணி போடுகிற மாதிரி நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இது இருந்தது. வெப்பம், வெப்பநிலை என்று இரண்டு சொல். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துபோனவை. எங்கள் ஊரில் இரண்டுக்கும் சூடு என்று ஒரே சொல்தான். வெயிலும் சூடு, காய்ச்சலும் சூடு, வெந்நீரும் சூடு, மாட்டுக்குப் போடுவதும் சூடு, மானமும் சூடு.

"ஹீட் எப்பவும் சூடான பொருள்லேர்ந்து ஆறின பொருளுக்குப் போகும்," என்று அவர் தொடர்ந்தார். "ரெண்டும் ஒரே டெம்பரேச்சர் ஆறவரைக்கும் போயிண்டே இருக்கும். இப்ப இந்தம்மாவோட கரிப்பெட்டியைப் பாருங்கோ. என்ன வெயிட். இதுதான் பக்கெட். உள்ள அத்தனை ஹீட்டை அடைச்சு வச்சிருக்கு. துணிமேல வச்சா கொட்டிண்டே இருக்கும். டெரிலின் தாங்குமோ? அன்னிக்கு என் சட்டை போனது இதனாலதான். என்னுது லைட் வெயிட். ஹீட் கம்மி. பராபர், சரியான அளவு."

நான் கேட்டுக்கொண்டே நின்றேன். அவர் சொன்ன முதல் பாதி அத்தனையும் சரி என்று என் கைக்குத் தெரிந்தது. என் பெட்டி பக்கெட்தான். அதனால்தான் கரி நீர்த்த பிறகும் நாலு வேட்டி தேய்க்கிறது. ஈரமான பருத்தித் துணி எவ்வளவு சூட்டை இழுத்தாலும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, ஆனாலும் கருக்குவதில்லை. ஆனால் ஒரு பக்கெட் வெந்நீரை ஒரு டெரிலின் சட்டை மேல் கவிழ்த்தால் என்ன ஆகும்? சட்டை நனையும். ஓட்டை விழுமா? ஓட்டை போடுவது தீக்குச்சி. அந்த மனிதர் தம்முடைய குற்றத்துக்கான சாட்சியைத் தாமே எல்லாருக்கும் பாடமாக நடத்திக்கொண்டிருந்தார். அங்கே நின்ற படித்தவர்கள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

அவர் பேசப் பேச அந்தப் பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது. முதலில் புதுத் தகட்டின் வாசனை வந்தது. பிறகு தூசி கருகுகிற வாசனை. தகட்டுக்குப் பின்னால் தெரிந்த சுவர் லேசாக அசைகிற மாதிரி இருந்தது. நான் இரண்டடி தள்ளி நின்றேன். கன்னத்தில் சுட்டது. பேசட்டும், இன்னும் பேசட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் லண்டனில் எல்லா வீட்டிலும் இதுதான் என்று சொன்னார். கரிப்புகை மாடிப்படியில் ஏறி உடம்புக்குக் கெடுதல் என்று சொன்னார். மாமி அதே முதல் மாடித் திருப்பத்தில் வந்து நின்றிருந்தார். அவருக்கும் வாசனை போயிருக்கும்.

கடைசியில் சார் பெட்டியைக் கையில் எடுத்தார். துணியில் வைக்கப்போனவர் நிறுத்தி, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இவா ஒரு டெஸ்ட் பண்ணுவா, பார்த்திருக்கேளோ? தண்ணி தெளிச்சுப் பார்ப்பா. அதையும் பார்த்துடுவோம். கொண்டாம்மா அந்தச் சொம்பை."

நீட்டினேன். விரலை நனைத்துத் தகட்டில் தெளித்தார். தண்ணீர் முத்து முத்தாகச் சுருண்டு, ஒன்றோடொன்று முட்டி, உருண்டு கம்பளியில் விழுந்தது. சத்தமே இல்லை. இன்னொரு தடவை தெளித்தார். அதே.

"இன்னும் சூடே ஏறலை போலிருக்கே," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உன் முறைப்படியே கேக்கறேன். என்ன சொல்றே?"

பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக அந்த இடத்தில் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். அன்று அடைக்கவில்லை. எப்படி என்று எனக்கு இன்னும் தெரியாது. என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது.

"சத்தமே வரலையே சார்."

"பார்த்தேளா," என்றார் அவர். "பராபர் அளவுன்னு சொன்னேனே. இதால துணிக்கு ஒரு கெடுதலும் கிடையாது. இன்னும் கொஞ்சம் ஏறட்டும்."

மறுபடி நிறுத்தி வைத்தார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை கீழே இறங்கிச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. போன தடவை அவருடைய மௌனம் சார் பக்கம் இருந்தது. இந்தத் தடவை அது என் பக்கம் இருந்தது.

ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ கழித்து அவர் பெட்டியை எடுத்துச் சட்டையின் முன்பக்கத்தில் வைத்து, சூடு போதாதென்று நினைத்ததால், நன்றாக அழுத்தினார். சர்க்கரை கருகுகிற மாதிரி ஒரு வாசனை கிளம்பியது. தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. தூக்கினார். துணியும் சேர்ந்து எழுந்தது. இழுத்தார். உருகினது நூல் நூலாக நீண்டு, ஒரு இழை அவருடைய கட்டைவிரல் அடியில் விழுந்து ஒட்டிக்கொண்டது. கையை உதறினார், அது போகவில்லை.

சொம்பு என் கையில்தான் இருந்தது. உடனே நீட்டவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ரொம்ப இல்லை. ஆனால் உடனே இல்லை. நீட்டிய பிறகு அவரே விரலைச் சொம்புக்குள் விட்டுக்கொண்டார்.

மறந்தேபோய்விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கம்பளியின் ஓரத்தைத் தூக்கினேன். மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்தேன். அதை நீலச் சட்டைக்குப் பக்கத்தில் விரித்து, கையால் தடவிச் சுருக்கம் எடுத்தேன். இரண்டு ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அகலம் ஒன்று. நுனியின் கோணலும் ஒன்று. என் பெட்டியைத் தூக்கி இரண்டுக்கும் நடுவில், அகலமான மூக்கு தெரியும்படி வைத்தேன்.

கீழ்வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். மின்சாரப் பெட்டியின் மூக்கைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"ரெண்டுக்கும் மூக்கு ஒரே ஜாடையா இருக்கே சார். அண்ணன் தம்பியா?"

வாசலில் நின்ற வடநாட்டு வாட்ச்மேன் பையாவுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. அவனே, "ஸாப் கா ஹி பிரஸ் ஹை," என்றான், அவர் பெட்டிதான் என்று. அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். அன்று படியில் என்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள்தான். அவர்களுக்கு யாரைப் பார்த்துச் சிரித்தாலும் ஒன்றுதான்.

"வோல்டேஜ் ஜாஸ்தியாயிடுத்து," என்றார் சார். விரலைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனார். ப்ளக்கைப் பிடுங்கக்கூட இல்லை. நான்தான் பிடுங்கினேன். என் இடத்தைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அதன் பிறகும் யாரும் பேசவில்லை.

சாயங்காலம் கணவர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சந்தேகம் வந்துவிட்டது.

"ஏட்டி, அப்ப நீ அவர்ட்ட பொய் சொன்னியா?"

"இல்ல. சத்தம் வரலன்னேன். சத்தம் வரலதான்."

"ஏம் வரல?"

"சூடு அளவுக்கு மிஞ்சிப்போச்சுல்லா."

"உங்கிட்ட இனி நா சூதானமா இருக்கணும் போலுக்கே," என்றார்.

சாருடைய கட்டைவிரலில் பத்து நாள் கட்டு இருந்தது. பத்து நாளும் பார்த்தேன். கஷ்டமாக இருந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் இல்லை. தினமும் அவர் இறங்குகிற நேரத்துக்குத் தலையை நிமிர்த்தி அந்த வெள்ளைக் கட்டைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த துணியை எடுத்தேன். கட்டு அவிழ்ந்த அன்று எனக்கு ஏதோ குறைந்துபோன மாதிரி இருந்தது.

துணி வருவது நிற்கவில்லை. மாமி முன்னைவிட அதிகமாகவே கொடுத்தனுப்பினார். மின்சாரப் பெட்டியை அந்த வீட்டில் பிறகு யாரும் தொடவில்லை என்று கேள்வி. அவருடைய சட்டைகளை மட்டும் நான் மற்றவர்களுடையதைவிட நன்றாகத் தேய்த்தேன். பிரியத்தால் இல்லை. ஒரு சுருக்கம்கூடச் சொல்ல அவருக்கு இடம் வைக்கக்கூடாது என்று. நாலு வருஷம் அவர் முதுகில் நான் தேய்த்த சட்டைதான் போனது. அந்த நாலு வருஷமும் என் மேசையைத் தாண்டும்போது அவர் மணியைப் பார்த்துக்கொண்டே போவார்.

அறுபதுகள் முடிகிற சமயம் அவர்கள் செம்பூரில் சொந்த வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். டெம்போவில் சாமான் ஏற்றி முடித்தாயிற்று. மாமி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சார் கடைசியாக ஒரு தடவை மாடிக்குப் போய்ப் பூட்டிவிட்டு இறங்கினவர், என் மேசை முன்னால் நின்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நின்றது அதுதான் முதல் தடவை. மணியைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அந்தப் பெட்டி... சூடு எக்கச்சக்கமா ஏறியிருக்குன்னு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும் சார்."

அவர் தலையை ஆட்டினார். இத்தனை நாளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் போலிருந்தது.

"அப்ப சொல்லியிருக்கலாமே."

"நீங்களும் சொல்லியிருக்கலாம் சார்," என்றேன். "அந்த வெள்ளச் சட்ட யாரு கையில போச்சுன்னு."

அவர் கட்டைவிரலின் அடியைத் தேய்த்துக்கொண்டார். அங்கே ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு இருந்தது. அதுவரை அது எனக்குத் தெரியாது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் நான் உதவி செய்யாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, வேண்டிய நேரம் கொடுத்தேன். டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். அவர் போய்விட்டார்.

பெட்டியைச் சாய்த்துத் தண்ணீர் தெளித்தேன். சொய் என்றது. அடுத்த துணியை எடுத்தேன்.